ஸ்பிரிங் உட்காருகிற வரை

நான் இதைத் தப்பாச் சொல்லிருவனோன்னுதானுங்க்கா பயமா இருக்குது. ஆறாவதோட நின்னவ நான். எதை முன்னால சொல்லணும், எதைப் பின்னால சொல்லணும்னு எனக்கு வராது. "துளசிமணி கதை சொன்னா மொதல்ல பந்தி, அப்புறம் தாலி"ன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. அதனால நடுவுல குழப்பினேன்னா நிறுத்திக் கேட்டுருங்க. பதில் சொல்லணும்னு இல்ல. ம் கொட்டினாப் போதும்.

உள்ள இருக்கறது என் பொண்ணு. சிந்துஜா. எட்டாம் மாசம் முடியப் போகுது. வயித்துல பெல்ட்டுக் கட்டிக் குழந்தையோட துடிப்பைப் பாக்கறாங்க. முக்கால் மணி நேரம் ஆகும்னு அந்த நர்ஸ் அம்மிணி சொல்லிட்டுப் போச்சு. இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அந்தக் கடிகாரம் சரியாத்தானே ஓடுது? ஒரே இடத்துல நிக்கற மாதிரி இருக்குது எனக்கு.

உங்க மருமகளுக்கு ரெண்டாவதா? நல்லபடியா ஆகும், பாருங்க. முகத்தைப் பாத்தாலே தெரியுது, நீங்க கும்பிடற சாமி கைவிடாது.

என்னங்க? மெதுவாப் பேசணுமா? ஓ, அவரா. அவரு எங்க மாப்பிள்ளை. பின் வரிசையில நம்ம முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்காரே, நீலச் சட்டை. நவநீதன்னு பேரு. அவருக்குக் கேட்காதுங்க. காலையிலிருந்து அவரு காதுல எதுவும் ஏறல. நர்ஸ் பேர் கேட்டதுக்குப் பொண்டாட்டி பேரைச் சொல்லத் தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னாரு, நான்தான் சொன்னேன். நீங்க கேளுங்க.

எங்க பக்கத்துல மாமியாக்காரியும் மாப்பிள்ளையும் மூஞ்சிக்கு மூஞ்சி பேசிக்க மாட்டாங்க. சண்டையெல்லாம் இல்ல. மரியாதைதான். நான் காபியைக் கையில வெச்சுக்கிட்டு அவருக்கு எதுக்கால நிப்பேன். அவரு, "சிந்து, அத்தைகிட்டக் காபி வேண்டாம்னு சொல்லு"ம்பாரு. நான் சுவத்தைப் பாத்து, "வெறும் வயித்துல போக வேண்டாம்னு சொல்லு"ம்பேன். கல்யாணமாகி ரெண்டு வருஷம் இப்படித்தான். நடுவுல ஒரு ஆள் இருந்தாப் போதும், எங்களுக்குள்ள பேச்சு நல்லாவே ஓடும்.

குறைன்னு சொன்னா ஒரே குறை. அந்தக் கார்.

இவரு ஓசூர்ல மெஷின் கம்பெனியில இருக்காரு. சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் ஏறிருவாரு. கட்டுச்சோறு விருந்து முடிஞ்சு பொண்ணைப் பிரசவத்துக்கு நாங்க கூட்டிக்கிட்டு வந்தப்பவே, காரையும் எங்க வீட்டுல விட்டுட்டாரு. வலி கண்டா மாமா உடனே ஓட்டிக்கிட்டுப் போயிரலாம்னு. நல்ல யோசனைதான், நான் இல்லீங்கல. ஆனா விட்ட காரை விட்டபடி விட்டிருக்கலாம் இல்லீங்களா?

போன மாசம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்தாரு. தோள்ல இம்மாம் பெரிய அட்டைப் பெட்டி. நான் கோழி அடிச்சுக் குழம்பு கூட்டிட்டு எட்டிப் பாக்கறேன். பொறக்கப் போற குழந்தைக்கு ஏதோ வாங்கிட்டு வந்திருக்காரு, தொட்டிலா இருக்குமோன்னு நினைச்சேன். பிரிச்சா, நாலு ஸ்பிரிங். சிவப்புப் பெயிண்ட் அடிச்ச ஸ்பிரிங்.

அவரைக் கேக்க முடியுமா? பொண்ணைக் கேட்டேன்.

"அம்மா, இது லோயரிங் ஸ்பிரிங். பழசைக் கழட்டிட்டு இதைப் போட்டா வண்டி கீழ எறங்கும்."

"எறங்கி?"

"பாக்க நல்லா இருக்கும். வளைவுல திரும்பறப்ப சாயாது."

"இப்ப சாயுதா?"

"ஐயோ அம்மா!"

அவ்வளவுதான் எனக்குக் கிடைச்ச வெளக்கம். ஏத்திவிட்ட வண்டியைக் கேள்விப்பட்டிருக்கேன். குழந்தை பொறக்கற நேரத்துல வண்டியை எறக்கறவரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா நீங்க? நம்ம ரோட்டுல? மழை பேஞ்சா எங்க தெருவுல குழி எது, தரை எதுன்னு எருமைக்கே தெரியாது.

மெதுவாத்தானுங்க பேசறேன். சரி.

எங்க வீட்டுக்காரருக்குக் கிரைண்டர் கல்லு வேலை. சென்னியப்பன்னு சொன்னா சூலூர்ப் பக்கம் கல்லு வாங்கறவங்க எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் பின்னாலயே பட்டறை. தரை சமமா இருக்குதுன்னு அங்கதான் வண்டியை நிறுத்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு சக்கரத்தையும் கழட்டிட்டாங்க. இவரும் இவரோட சிநேகிதர் ஜெரோமும். ஜெரோமுக்குச் சிங்காநல்லூர்ல பெயிண்ட் கடை. வாய் சும்மா இருக்காது.

முன்னால இருக்கற ஸ்பிரிங்கைக் கழட்டணும்னா அதை நெரிச்சுப் பிடிக்கணுமாம். அதுக்கு ரெண்டு நீளத் திருகு. இந்தப் பக்கம் ரெண்டு சுத்து, அந்தப் பக்கம் ரெண்டு சுத்து, மாத்தி மாத்தி. சுத்தச் சுத்த அந்த இரும்பு கிரீச்சு கிரீச்சுன்னு முனகுது. நான் மோர் கொண்டுபோனவ அப்படியே நின்னுட்டேன்.

"அத்தை, அங்க நிக்காதீங்க. இது நழுவித் தெறிச்சா சுவத்துல ஓட்டை போட்டுட்டுப் போகும்."

என்னை நேராப் பாத்துச் சொன்னாருங்க. ரெண்டு வருஷத்துல அவரு என்கிட்ட நேராப் பேசின மொதப் பேச்சு அதுதான். நான் கதவுக்கு அக்கட்டால போயி நின்னுக்கிட்டு, "முருகா, முருகா"ன்னேன். உள்ளேயிருந்து ஜெரோம் கத்தறாரு, "அம்மா, அப்படியே என் பேரையும் சேத்துக்கங்க. திருகைப் பிடிச்சிருக்கறது நான்தான், உங்க மாப்பிள்ளை பத்தடி தள்ளி நின்னு புத்தி சொல்லிட்டிருக்காரு!"

பொழுதோட வேலை முடிஞ்சு வண்டியைக் கீழ எறக்கினாங்க. முன்பக்கம் நல்லாப் படிஞ்சிருக்குது. பின்பக்கம் வாலைத் தூக்கின கோழியாட்ட நிக்குது. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. இவரு சுத்திச் சுத்திப் பாக்கறாரு. அப்புறம் என்னைப் பாத்துத்தான் சொன்னாரு. வீட்டுக்காரரும் பக்கத்துல நிக்கறாரு, ஆனா என்னைப் பாத்து.

"புது ஸ்பிரிங் அத்தை. இன்னும் உட்காரல. ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓடினாத் தானா உட்கார்ந்துரும். உட்கார்ந்ததும் போல்ட்டு எல்லாம் மறுபடி முடுக்கணும், வீல் அலைன்மென்ட் பாக்கணும். அது வரைக்கும் சிந்து இதுல ஏற வேண்டாம். நீங்க பாத்துக்கங்க."

நீங்க பாத்துக்கங்க. கேட்டீங்களா?

எப்படிப் பாக்கறதுன்னும் சொல்லிக் குடுத்தாரு. பின் சக்கரத்துக்கு மேல தகரம் வளைஞ்சு வருமே, அதுக்கும் டயருக்கும் நடுவுல கையைக் குறுக்கால வெச்சுப் பாக்கணும். என் விரலுக்கு நாலு விரல் இருந்துச்சு. "மூணு வந்துச்சுன்னா உட்கார்ந்துருச்சுன்னு அர்த்தம் அத்தை. தினமும் காலையில பாத்து எனக்கு ஒரு போன் போடுங்க. மாமாவைத் தினமும் பல்லடம் வரைக்கும் ஒரு நடை ஓட்டச் சொல்லுங்க."

நான் மறுநாளிலிருந்து வாசல் தெளிச்சுக் கோலம் போட்டதும் நேராப் பட்டறைக்குத்தான் போவேன். கையை வெச்சுப் பாத்துட்டுப் போன் போடுவேன்.

"மாப்பிள்ளை, நாலுங்க."

"சரிங்க அத்தை."

அதுதான் பேச்சு. ஆனா தினமும் பேச்சு. நாலு நாள் கழிச்சு அவரே, "சாப்டீங்களா அத்தை?"ன்னாரு. அன்னைக்கு நான் ரசத்துக்கு உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன்.

எங்க வீட்டுக்காரர் ஓட்டினாரான்னு கேளுங்க. எங்க ஓட்டினாரு! "எனக்குக் கல்லுக்கு ஆள் காத்துட்டு நிக்குது, உன் மாப்பிள்ளை ஸ்பிரிங்குக்கு நான் ஊர்வலம் போகட்டுமா?"ன்னு குட்டி யானையை எடுத்துக்கிட்டுப் போயிருவாரு. குட்டி யானைன்னா அந்தச் சின்ன லாரி, கல்லு ஏத்தறது. ஒரே ஒரு நாள் பெட்ரோல் போடக் காரை எடுத்தாரு, வழியில நாலு பேரைப் பாத்துட்டு வந்தாரு. நாப்பது கிலோமீட்டர். அவ்வளவுதான் மூணு வாரத்துல. இவருக்கும் கம்பெனியில வேலை ஜாஸ்தின்னு அந்த மூணு வாரமும் வர முடியல.

நாளு நகருது, வயிறு எறங்கிட்டு வருது, பின்னால அப்படியே நாலு விரல். எனக்கு வெசனம் பிடிச்சு ஆட்டுது. இருக்கறதே ஒட்டுக்கா ஒரே கார். அதுல ஏறக் கூடாதுன்னுட்டாரு. வலி கண்டா? வாடகைக் காரைக் கூப்பிட்டா எங்க வீதிக்கு வழி கேட்டே அரை மணி ஆக்குவானுங்க. குட்டி யானையில ஏத்திக்கிட்டுப் போறதா? என் கூடப் பொறந்தவ மாட்டு வண்டியில போறப்பவே பெத்துட்டவங்க. அந்தக் குழந்தை நிக்கல. அதை நான் யாருகிட்டயும் சொல்றதில்ல. சொன்னா, "அது அந்தக் காலம்"ம்பாங்க.

சரி, இப்ப ஒண்ணு சொல்றேன். இதைத்தான் தப்பாச் சொல்லிருவேன்னு பயந்தேன்.

எங்க தொழில்ல, கிரைண்டர் டிரம்முக்குள்ள அடிக்கல்லை ஒட்டுவோம். ஒட்டினதும் அப்படியே விட்டா ஒரு பக்கம் தூக்கிக்கும். அதனால மேல குழவிக் கல்லை ஏத்தி வெச்சுருவோம். பாரம் இருந்தாத்தான் கல்லு உட்காரும், ஒட்டுப் பிடிக்கும். ரெண்டு நாள் கழிச்சுக் குழவியை எடுத்தா அசையாது. இருபத்தெட்டு வருஷமா என் கையாலயே ஏத்தி எறக்கறேன். அப்ப எனக்கு என்ன தோணும்? ஓடித்தான் உட்காரணுமா? பாரம் வெச்சா உட்காராதா?

போன திங்கள்கிழமை மொதல்ல ரெண்டு குழவி. ஒண்ணு அஞ்சு கிலோ. டிக்கியில பாயைத் தூக்கினா ஸ்டெப்னி இருக்குது, அதைச் சுத்தி நல்ல எடம். உருளாம இருக்கப் பழைய சேலையைக் கிழிச்சு ஒவ்வொண்ணையும் சுத்தி, குழந்தையைப் படுக்க வெக்கற மாதிரி வெச்சேன். காலையில பாத்தா நாலு விரல்தான். செவ்வாய்க்கிழமை இன்னும் ரெண்டு. புதன்கிழமை ரெண்டு. சுண்டு விரல் கொஞ்சம் இறுக்கமாப் போச்சு. எனக்குப் பரீட்சையில பாஸான மாதிரி இருந்துச்சுங்க, நான் எங்க பரீட்சை எழுதினேன்! வியாழன், வெள்ளி. சனிக்கிழமை வெடியால மொத்தம் பன்னெண்டு. கையை வெச்சேன். மூணு.

"மாப்பிள்ளை... மூணுங்க."

"நெசமாவா அத்தை!"

அந்தச் சத்தத்தை நீங்க கேட்டிருக்கணும். ஓசூர்லருந்து போனே இல்லாமக் கேட்டிருக்கும்.

எடுத்துப் பாக்கலையான்னு கேக்கறீங்க. பாத்தேன். அன்னைக்கே ரெண்டு குழவியை எடுத்துப் பாத்தேன். லேசா எழும்புச்சு. சரி, ஒட்டு இன்னும் பிடிக்கல, சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்னு திருப்பி வெச்சுட்டேன். சாயங்காலம் வர்ற மனுசன் அன்னைக்குன்னு பாத்து மத்தியானமே வந்து நிக்கறாரு. பையைக்கூடக் கீழ வெக்கல, நேராப் பட்டறைக்குப் போயி டேப்பை வெச்சு அளக்கறாரு. "நாப்பது கிலோமீட்டர்ல உட்கார்ந்துருச்சு! சில ஸ்பிரிங் அப்படித்தான் அத்தை!" வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு எல்லா போல்ட்டையும் முடுக்கினாரு. அப்படியே ஓட்டிக்கிட்டுப் போயி அலைன்மென்ட் பாத்துட்டு வந்துட்டாரு.

சாப்பிடறப்ப சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, "சிந்து, அலைன்மென்ட் கடையில அந்தாளு, பின்னால பாரம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களான்னு கேட்டான். வெக்கறதுக்கு என்னடா இருக்குதுன்னேன்." அப்பவே சொல்லியிருக்கணும். வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவரு, எனக்கு நல்லாக் கேட்கட்டும்னு சத்தமா, "எல்லாம் அத்தை கைராசி"ன்னுட்டாரு.

என்னை யாருங்க அப்படிச் சொல்லியிருக்கா? முப்பது வருஷமா ஒரு மனுசனுக்குச் சோறு போடறேன், உப்புக் கம்மின்னுதான் கேட்டிருக்கேன். திறந்த வாயை மூடிக்கிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தினேன்.

நேத்து எடுத்துரலாம்னு பாத்தேன். நம்புங்க. முழு நாளும் அந்தக் காரை விட்டு அவரு நகரல. கழுவறாரு, தொடைக்கறாரு, தள்ளி நின்னு பாக்கறாரு. மூணு தடவை கூடையோட போயிட்டு மூணு தடவையும் திரும்பி வந்துட்டேன். "என்ன அத்தை வேணும்?"ங்கறாரு. "கறிவேப்பிலை பறிக்க வந்தேன்"ங்கறேன். பட்டறைப் பக்கம் கறிவேப்பிலை மரமே கெடையாது.

இன்னைக்கு டாக்டரைப் பாக்கற நாள். அதுக்குன்னு லீவு சொல்லிட்டு நின்னுட்டாரு. வண்டி உட்கார்ந்துருச்சு, அதனால நம்ம கார்லயே போலாம்னுட்டாரு. உட்காராம இருந்திருந்தா அவளை அதுல ஏத்தியிருக்கவே மாட்டாரு. அதை நான் சொல்லணும். அவரு அவ்வளவு கவனமான ஆள்தான்.

நான் ஒண்ணும் சும்மா இருக்கல. ஆட்டோ கூப்பிடலாம்னேன். அவரு மூஞ்சி வாடிப் போச்சு. "அத்தைக்கு இன்னும் நம்பிக்கை வரலையா?" குட்டி யானையில போலாம்னேன். பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கறா, "ஏம்மா, நான் என்ன கல்லா, ஏத்திக்கிட்டுப் போக?"

வேற வழியில்லாமக் கார்லயே ஏறினேன்.

பின்னால நானும் அவளும். அவரு முட்டை ஏத்தின வண்டியாட்ட ஓட்டறாரு. எங்க ஊர் ரயில்வே கேட்டுக்கு முன்னால மூணு ஸ்பீடு பிரேக்கர் வரிசையா இருக்குது. மொதல்ல ஒண்ணு, குறுக்கால சாச்சு ஏத்தி எறக்கினாரு. அடியில சர்ருன்னு உரசுச்சு. "என்ன சத்தம்?"னு தானாப் பேசிக்கறாரு. ரெண்டாவது. மறுபடி சர்ரு. மூணாவதுக்குப் போறதுக்குள்ள பின்னால லாரிக்காரன் ஆரனை வெச்சு அழுத்தறான். இவரு கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு. கொஞ்சம்தான்.

டமார்னு ஒரு அடி. என் பல்லு கிட்டிப் போச்சு. ஒடனே டிக்கிக்குள்ள குடுகுடு குடுகுடுன்னு. சேலைத்துணியெல்லாம் அவுந்து போயி ஒவ்வொண்ணும் ஒரு பக்கமா உருளுது. சிந்து "அம்மா"ன்னு என் கையைப் பிடிச்சா. இங்க பாருங்க, நகம் பட்ட எடம். அவ வயித்துல கையை வெச்சேன். இறுகிப் போயிக் கெடக்குது. கல்லு மாதிரி.

இவரு எறங்கிக் குனிஞ்சு பாக்கறாரு. பின் டயர் மேல தகரத்துல தேஞ்சிருக்குது, சைலன்சர் நசுங்கியிருக்குது. எந்திரிச்சப்ப அவரு மூஞ்சியில ரத்தமே இல்லீங்க. "ஸ்பிரிங் நழுவிருச்சு. உள்ள உருண்ட சத்தம் கேட்டுச்சே. நான் சரியா உட்கார வெக்கல"ன்னாரு. அது ஸ்பிரிங் சத்தம்னு நினைச்சுக்கிட்டாரு. அது என்ன சத்தம்னு எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷமா நான் கேட்டுக்கிட்டுத் தூங்கற சத்தம் அது.

அப்ப ஏன் சொல்லலைன்னு கேக்காதீங்க. அப்ப யாரு பேசினா? கெடைச்ச ஆட்டோவுல ஏறி வந்தோம். அவரு டிரைவர் பக்கத்துல அரை உடம்பை வெளிய தொங்க விட்டுக்கிட்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி, "என் தப்பு சிந்து, என் தப்பு"ன்னே வந்தாரு. இங்க வந்து அவளை உள்ள அனுப்பிட்டு என் எதுக்கால நின்னு, "நான் இனி அந்தக் காரைத் தொட மாட்டேன் அத்தை. ஆசைப்பட்டு இப்படிப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுருங்க"ன்னு கையைக் கூப்பினாரு. என்னைப் பாத்துங்க. நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

வண்டி அங்கயே ரோட்டோரமா நிக்குது. ஜெரோம் மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டிருக்காரு. போனதும் டிக்கியைத் திறப்பாங்க.

சொல்லிரணும்னு சொல்றீங்க. நானும் அதைத்தான் நினைக்கறேன். எப்பச் சொல்றது, அதைச் சொல்லுங்க. அந்தக் கதவு திறந்து நல்ல சேதி வந்துருச்சுன்னா நான் சொல்ல மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அதான் ஒண்ணும் ஆகலையே, எதுக்கு வீணாப் பேச்சுன்னு முழுங்கிருவேன். ஜெரோம் திறக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரைப் போகச் சொல்லிக் கல்லை எடுத்துருவேன். அந்த மனுசன் ஆயுசுக்கும் தன்னாலதான்னு நினைச்சுக்கிட்டு இருப்பாரு. கெட்ட சேதி வந்துச்சுன்னா... வந்துச்சுன்னா அப்ப யாரு சொல்லுவா, எந்த வாயால சொல்லுவா? அதனால இந்த முக்கால் மணி நேரம்தான். கதவு மூடியிருக்கற வரைக்கும்தான்.

பன்னெண்டு குழவி. நான்தான் வெச்சேன். ஸ்பிரிங் நழுவல. அவரு போட்டதெல்லாம் போட்ட எடத்துல சரியாத்தான் இருக்கும். நான்தான் வெச்சேன், நான்தான் மூணுன்னு சொன்னேன்.

இருங்க. அவரு போன் அடிக்குது. ஜெரோமாத்தான் இருக்கும்.

...

கேட்டீங்களா? "தெரியும்டா." அவ்வளவுதான் சொன்னாரு. "தெரியும்டா, பன்னெண்டு. எறக்கி ஓரமா வை. அது மாமா தொழிலுக்கு வேணும்."

திரும்பாதீங்க, திரும்பாதீங்க அக்கா. நேராப் பாருங்க. கதவைப் பாருங்க.

கதவு திறக்குது, நர்ஸ் அம்மிணி வருது.

நாங்கதானுங்க, சிந்துஜா கூட வந்தது. ஆமாங்க. என்ன சொல்லுச்சு அந்த அம்மிணி? துடிப்பு நல்லா இருக்குதுன்னுதானே சொல்லுச்சு? ஒரு நாள் வெச்சுப் பாத்துட்டு அனுப்பறோம்னு? நீங்களும் கேட்டீங்கல்ல? என் காதை நான் நம்பறதில்ல. அவ வீட்டுக்காரர் ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம்னுச்சா? அவரு போகட்டும். அவருதான் போகணும்.

எந்திரிச்சுட்டாரு. இந்தப் பக்கம்தான் வர்றாரு. ஐயோ, நான் உங்க ஒயர்க் கூடையைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

...

போயிட்டாருங்களா? என்கிட்டவா சொன்னாரு, உங்ககிட்டத்தானே சொன்னாரு? "அம்மா, அத்தை காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. சிந்துவைப் பாத்துட்டுக் கேன்டீன்ல இட்லி வாங்கிட்டு வர்றேன்னு சொல்லுங்க." உங்களைப் பாத்துத்தான் சொன்னாரு. கண்ணு செவந்திருந்துச்சா? கோவமாவா, அழுதாப்லயா? நான் பாக்கலையே.

என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க.

நீங்க என்னை ரெண்டு தடவை மெதுவாப் பேசச் சொன்னீங்க. நான் சத்தத்தைக் குறைக்கலீங்க அக்கா. குறைக்கற மாதிரி தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். அவரு எதுக்கால நின்னு கையைக் கூப்பினப்ப என்னால வாயைத் திறக்க முடியல. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆள் வேணும் எங்களுக்கு. எப்பவும் நடுவுல இருக்கறவ உள்ள படுத்திருக்கா. நான் இந்தக் கூடத்தைச் சுத்திப் பாத்தேன். எத்தனை நாற்காலி காலியாக் கெடக்குது, பாருங்க. அவரு முதுகுக்கு ஒட்டின மாதிரி நீங்க ஒருத்தர்தான் உட்கார்ந்திருந்தீங்க. அதனாலதான் உங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தேன். மொதல்ல அவரைக் கொஞ்சம் திட்டியும் வெச்சேன். அதுவும் கேட்டிருக்கும், போகட்டும்.

அவரு இட்லியோட வர்றப்ப எனக்கு ரெண்டு போதும்னு சொல்லிருங்க. சட்னி காரமா இருந்தா வேண்டாம்னும் சொல்லிருங்க. நான் இப்படியே அந்தக் கதவைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்துக்கறேன்.